கேள்வி–பதில்: சாதாழை கிண்டும் உள்ளான்

கேள்வி: காரைநகர்க் கரையில் ஒதுங்கிக் கிடக்கிற சாதாழையை (கடற்புல்லை) அலகால் கிண்டி உருட்டுகிற ஒரு சின்னப் பறவைக் கூட்டம், எட்டுப் பத்து இருக்கும். கால் செம்மஞ்சள், நெஞ்சில் கறுப்புப் பட்டை. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், கரையோரப் பறவை பலவற்றுக்கும் பொதுப்பெயரான 'உள்ளான்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். என்ன உள்ளான் ஐயா?
— வாசகர், காரைநகர்

பதில்: காலையும் நெஞ்சையும் சொன்னபடியால் சந்தேகமே இல்லைத் தம்பி, கல்திருப்பி உள்ளான். உலகத்தில் இந்தச் சாதியில் இரண்டே இனம்தான், மற்றது கறுப்புக் கல்திருப்பி, அது வட அமெரிக்காவின் மேற்குக் கரையை விட்டு அசையாது, ஆகவே இங்கே குழப்பத்துக்கு இடமில்லை. மற்ற உள்ளான் பலவற்றுக்குச் சேற்றுக்குள் விட நீட்டு அலகு இருக்கும். இதற்குக் குட்டை அலகு, ஆப்பு மாதிரி, நுனி கொஞ்சம் மேல்நோக்கி. அதைக் கல்லுக்கும் சிப்பிக்கும் அடியில் கொடுத்துத் தூக்கிப் புரட்டி, ஒளிந்திருக்கிற சின்ன நண்டு, புழு, பூச்சியைப் பிடிக்கும். கல் இல்லாத மணற்கரையில் சாதாழைதான் அதற்குக் கல், தலையால் முட்டிச் சுருட்டித் தள்ளிக்கொண்டே போகும். கரையைத் துப்புரவாக்குகிறோம் என்று பிளாஸ்டிக்கோடு சேர்த்துச் சாதாழையையும் வாரி அள்ளுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். போத்தலை எடுங்கள், சாதாழையை அப்படியே விடுங்கள்.

கேள்வி: வைகாசி மாதத்திலும் இரண்டைக் கண்டேன். அப்படியென்றால் இங்கேயே முட்டையிடுகிறதா?
— வாசகி, ஊர்காவற்றுறை

பதில்: இல்லை. கூடு வைப்பது ஆர்க்டிக் துந்திரத்தில் (வடதுருவப் பக்கத்து மரமில்லாக் குளிர்வெளி), நிலத்தில் ஒரு சின்னக் குழிதான் கூடு, பெரும்பாலும் 4 முட்டை. குஞ்சு பறக்குமுன்னமே தாய் கிளம்பிவிடும், கடைசிவரை காவல் நிற்பது தகப்பன். (நம்மூர்க் கதைகளில் இது தலைகீழாக இருக்கும்.) ஆவணி, புரட்டாதியில் நம் கரைக்கு வந்து சித்திரை அளவில் திரும்பும், போகுமுன் முதுகில் செம்பழுப்பு ஏறி ஆளே மாறிவிடும். நீங்கள் வைகாசியில் கண்டவை பெரும்பாலும் இளசுகள். முதல் கோடையில் அவற்றில் பல வடக்கே போகாமல் தங்கிவிடும், போனாலும் குஞ்சு பொரிக்கிற வயதில்லை. பயணம் லேசுப்பட்டதா? யாழ்ப்பாணத்திலிருந்து சைபீரிய வடகரை நேர்கோட்டிலேயே 6,000 கிலோமீற்றருக்கு மேல். 2009இல் அவுஸ்திரேலியாவில் காலில் பயணத்தைப் பதிகிற கருவி கட்டி விட்ட கல்திருப்பிகள் எங்கும் இறங்காமல் 7,600 கிலோமீற்றர் பறந்து தாய்வான் பக்கம் போய்ச் சேர்ந்தன, ஆறு நாளளவில். ஒரு பறவையின் எடை 100 கிராமைச் சுற்றித்தான்!

கேள்வி: இது சவர்க்காரம் தின்னும் என்கிறான் என் மகன். உண்மையா, புளுகா?
— வாசகர், குருநகர்

பதில்: உண்மைதான், பதிவாகியிருக்கிறது. ஆலா என்கிற கடற்பறவைகளின் முட்டையைக் குத்திக் குடிக்கும், செத்த மிருகத்தையும் கொத்தும், மீன் கழிவையும் விடாது. மகனுக்கு என் சபாஷ்.

கேள்வி: கிட்டப்போய்ப் படம் எடுக்க வழி?
— வாசகர், மண்டைதீவு

பதில்: கிட்டப் போகாதீர்கள். தண்ணீர் வற்றுகிற நேரம் கரையில் ஓரிடத்தில் பேசாமல் குந்தியிருங்கள், சாதாழையைக் கிண்டிக்கொண்டு அதுவாகவே உங்கள் பக்கம் வரும். நாயை மட்டும் வீட்டிலே கட்டிவிட்டுப் போங்கள்.