முனகவில்லை என்றால் நாய்க்கு வலி இல்லையா?

கருத்தடை அறுவை முடிந்து வந்த நாய் சத்தமே போடவில்லை, அப்படியானால் வலி இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பிவிடாதீர்கள். பல நாய்கள் வலியை வாய்விட்டுக் காட்டுவதில்லை. முதுகைக் கூனி நிற்பது, படுக்கத் தயங்குவது, கூப்பிட்டும் திரும்பாமல் தையலையே நக்குவது, இவற்றைப் பாருங்கள்.

நாயின் வலியை அளக்க கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவான சுருக்க அளவுகோலில் சத்தம், காயத்தின் மீதான கவனம், நடை, தொட்டால் காட்டும் எதிர்வினை, மனநிலை, உடல் இருப்பு என 6 பிரிவுகள் உண்டு. தொடுவது என்றால் காயத்தின் மேலேயே அல்ல. 2 அங்குலம் சுற்றி மெதுவாக அழுத்துவது. மொத்தப் புள்ளிகள் 24. அதில் 6 வந்தாலே கூடுதல் வலிமருந்து பற்றி மருத்துவர் யோசிப்பார். நடக்க வைக்க முடியாத நாய்க்கு நடைப் பிரிவை விட்டுவிடுவார்கள்; அப்போது 20க்கு 5 வந்தாலே யோசிப்பார்.

வீட்டில் நம் வலிக்கு வைத்திருக்கும் இப்யூபுரூஃபன் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அது நஞ்சு.