சேலம் பக்கத்து மண்ணைத் தெரிந்துகொள்ள யாரைப் படிக்கலாம்?

கேள்வி: வேலை மாறுதலில் சேலம் வருகிறேன். இந்தப் பக்கத்து மக்களையும் வாழ்க்கையையும் புரிந்துகொள்ள எந்த நாவலாசிரியரைப் படிக்கலாம்? வட்டார வழக்கு எனக்குப் புரியுமா?

யோசிக்காமல் சொல்வேன்: பெருமாள்முருகன். 'அவர் நாமக்கல்காரர் ஆயிற்றே' என்று யாராவது சொல்லக்கூடும். 1997இல்தான் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. 1966இல் அவர் பிறந்தபோது திருச்செங்கோடு சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆத்தூர் அரசு கலைக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்திருக்கிறார். அதனால் அவரை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

எனக்குச் சங்ககிரிப் பக்கம். எங்கள் காட்டில் நின்றால் ஒரு பக்கம் சங்ககிரி மலை, இன்னொரு பக்கம் தூரத்தில் திருச்செங்கோட்டு மலை தெரியும். நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல்லே இந்தக் 'காடு'தான். எங்கள் பக்கம் காடு என்றால் வனம் இல்லை, விவசாய நிலம். வானம் பார்த்த பூமியாக இருந்தால் மேட்டுக்காடு. 'காட்டுக்குப் போயிருக்காரு' என்று யாராவது சொன்னால், அவர் கடலைக்காய்க்குக் களை வெட்டப் போயிருக்கிறார் என்று அர்த்தம். பெருமாள்முருகனின் நல்ல நாவல்கள் எல்லாம் இந்த மேட்டுக்காட்டில்தான் நடக்கின்றன. பனைமரம், கிணறு, ஆட்டுப்பட்டி, கட்டுத்தரை (மாடு கட்டும் இடம்) இவை இல்லாமல் அவருக்குக் கதை நகராது.

முதலில் படிக்க வேண்டியது 'கூளமாதாரி'. 2000இல் வந்த நாவல். பண்ணயத்துக்கு விடப்பட்ட மாதாரி (அருந்ததியர்) சாதிச் சிறுவன் கூளையனும், அவனைப் போலவே ஆடு மேய்க்கும் பிள்ளைகளும்தான் கதை. பண்ணயத்துக்கு விடுவது என்றால், வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசிப் பெற்றவர்கள் வாங்கிக்கொண்டு, பிள்ளையை நிலக்காரர் வீட்டில் வேலைக்கு விட்டுவிடுவது. ஆடு, மாடு, சாணி, தண்ணீர் எல்லாம் அவன் பொறுப்பு. ராத்திரி படுக்கையும் பட்டியில்தான்.

இந்த நாவலை நான் படித்தது சேலத்தில் வேலைக்கு வந்த புதிதில், அஸ்தம்பட்டியில் ஒரு வாடகை அறையில். பாதியில் மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பையன் இருந்தான். எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு, அவனுக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976லேயே சட்டம் வந்துவிட்டது. நான் சொல்வது எண்பதுகளின் கடைசி. அவனை எல்லோரும் 'ஓணான்' என்றுதான் கூப்பிடுவோம். காலையில் தூக்குப்போசியை (பிடி வைத்த சோற்றுப் பாத்திரம்) எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்து நிற்பான். அப்பத்தா சோற்றையும் மோரையும் போசியில் படாமல் மேலேயிருந்து ஊற்றும். அவன் போசியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பான். சிந்தினால் அப்பத்தா திட்டும் என்பதால் அந்தச் சாய்ப்பு அவனுக்குக் கைவந்திருந்தது. நான் திண்ணையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டு பார்த்திருக்கிறேன். தினமும் பார்த்ததால் அதில் ஏதோ இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை.

நாவலைப் படித்த அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு அவன் நிஜப் பெயர் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஓணான்னுதான் கூப்புடுவோம், பேரு என்னமோ" என்றது. அப்பாருக்கும் (தாத்தாவுக்கும்) தெரியவில்லை. நாலு வருஷம் எங்கள் ஆட்டை மேய்த்தவன்.

பெருமாள்முருகன் அந்தப் பிள்ளைகளைப் பரிதாபத்துக்குரியவர்களாக மட்டும் எழுதவில்லை. அதனால்தான் கூளமாதாரியை இவ்வளவு பெரிய நாவல் என்று நினைக்கிறேன். அவர்களுக்குள் விளையாட்டு இருக்கிறது, சண்டை இருக்கிறது, ஆட்டின் மேல் பாசம் இருக்கிறது. வெயில் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்தே அவர்களுக்குப் பொழுது தெரிகிறது. நிலக்காரர் வீட்டுப் பையனோடு கூளையனுக்கு உள்ள சிநேகத்தைப் படிக்கும்போது, நானும் ஓணானும் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து பனங்காய் நுங்கு தின்றது ஞாபகம் வந்தது. சிநேகம் நிஜம்தான். ஆனால் எந்த இடத்தில் அது நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

மற்ற நாவல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நாவல் 'ஏறுவெயில்', 1991இல் வந்தது. குடியிருப்பு கட்டுவதற்காக நிலம் பறிபோன ஒரு விவசாயக் குடும்பம் சிதைவதைச் சொல்கிறது. இன்று சேலத்தைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கும், அவற்றைப் பார்க்கும்போது இந்த நாவல் கூடவே வரும். அடுத்து 'நிழல்முற்றம்'. சினிமா கொட்டகையில் சோடா, முறுக்கு விற்கும் பையன்களின் உலகம். அவருடைய அப்பா கொட்டகையில் சோடாக் கடை வைத்திருந்தவர், அதனால் அந்த உலகத்தை உள்ளேயிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். 'ஆளண்டாப் பட்சி' பங்கு பிரித்ததில் ஏமாற்றப்பட்ட முத்து, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு புது நிலம் தேடிப் போகும் கதை. இதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2023இல் ஜேசிபி இலக்கியப் பரிசு கிடைத்தது. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணை ஊர் என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் 'பூக்குழி' சின்ன நாவல்தான், ஆனால் ஒரே மூச்சில் படிக்காதீர்கள், தாங்காது. பிற்காலத்து நாவல்களில் 'கழிமுகம்' மட்டும் எனக்கு ஒட்டவில்லை. மேட்டுக்காட்டை விட்டு வெளியே வரும்போது அவர் எழுத்தில் அந்தப் பிடிமானம் குறைந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

'மாதொருபாகன்' நாவல் திருச்செங்கோட்டையும் அங்குள்ள பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்று கிளம்பிய சர்ச்சை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2015 ஜனவரியில் எழுதுவதையே நிறுத்துவதாக அவர் அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் செய்திகளில் வந்தவைதான். அவர் பெயரைக் கேட்டாலே பலருக்கு இந்த ஒன்றுதான் ஞாபகம் வருகிறது என்பது எனக்கு வருத்தம். அந்த நாவலையும் படியுங்கள். குழந்தை இல்லாத காளி, பொன்னாவின் கதை அது. ஊர் வாய் அவர்களை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது என்பதை எழுதிய விதம் அபாரம். மௌனத்துக்குப் பிறகு அவர் எழுதிய முதல் நாவல் 'பூனாச்சி', ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதர்களைப் பற்றி எழுதவே அச்சமாக இருக்கிறது என்று முன்னுரையில் சொல்லிவிட்டுத்தான் ஆட்டிடம் போகிறார்.

சரி, வழக்கு புரியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். கதை சொல்லும் நடை எளிய எழுத்துத் தமிழ்தான். பேச்சுதான் கொங்கு வழக்கு. முதல் இருபது பக்கம் கொஞ்சம் தட்டும், அப்புறம் காது பழகிவிடும். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கு அகராதி செய்தது போல, இவரும் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' ஒன்று தொகுத்திருக்கிறார். நாவலோடு சேர்த்து அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொண்டுப்பட்டி, படல், போசி மாதிரி எங்கள் வீட்டிலேயே இப்போது புழங்காத சொற்களுக்கு நான் அதைத்தான் புரட்டுகிறேன்.

சேலம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்ககிரி வழியாகத் திருச்செங்கோட்டுக்கு பஸ்ஸில் போய் வாருங்கள். சங்ககிரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஜன்னலோரம் உட்காருங்கள். லாரிப் பட்டறைகளைத் தாண்டியதும் மனைக்கற்களுக்கு நடுவே அங்கங்கே பனைமரங்கள் நிற்கும். அவற்றின் அடியில் இன்னும் யாராவது ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார்கள்.