இரட்டைக் குழந்தைகளுக்குத் துணியா, டயப்பரா?

கேள்வி: எனக்கு சிசேரியனில் இரட்டைக் குழந்தைகள் பிறந்து 20 நாள் ஆகிறது. 36 வாரத்திலேயே பிறந்துவிட்டார்கள். பையன் 2.2 கிலோ, பெண் 1.9 கிலோ. மன்னார்குடியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். டயப்பர் போட்டால் கால் அகண்டுபோகும் என்று சொல்லி, அம்மா பழைய வேட்டி, புடவையைக் கிழித்துத்தான் கட்டுகிறார். ஒரு நாளைக்கு முப்பது துணிக்கு மேல் ஆகிறது. அடைமழையில் எதுவும் காய்வதில்லை. பெண் குழந்தைக்குப் புட்டம் சிவந்திருக்கிறது. துணியையே தொடரலாமா?

பதில்: தொடரலாம். பகலில் துணி கட்டுங்கள், மழை விடும்வரை இரவில் டயப்பர் போடுங்கள். இதில் அம்மாவுக்கும் உங்களுக்கும் சண்டை வேண்டாம். டயப்பரால் கால் அகண்டுபோகாது. பச்சைக் குழந்தை தவளை போலக் காலை மடக்கி விரித்துத்தான் படுத்திருக்கும்; இடுப்பு மூட்டு சரியாக வளர அதுதான் நல்லது. காலை நீட்டிச் சேர்த்து இறுகக் கட்டுவதுதான் கெடுதல். துணியையும் கால் அசைய இடம் விட்டுத் தளர்வாகவே கட்டச் சொல்லுங்கள்.

இரவுக்கு டயப்பர் சொல்வதற்குக் காரணம் குளிர். 1.9 கிலோவில் பிறந்த குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. ஈரத்துணியோடு அரை மணி நேரம் கிடந்தாலே பாதம் சில்லிட்டுவிடும். சில்லிட்ட குழந்தை பால் குடிக்கச் சோம்பும், எடை ஏறாது. புறங்கையால் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உடனே ஈரத்தை மாற்றி, உங்கள் மார்போடு தோல் படும்படி அணைத்து, மேலே போர்த்திக்கொள்ளுங்கள். டயப்பர் போட்டாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மலம் கழித்தால் அந்த நிமிஷமே மாற்ற வேண்டும்.

சரி, துணிக்கு வருவோம். பழைய நூல் துணி போல மென்மையானது வேறு இல்லை. உங்கள் அம்மா சொல்வது சரிதான். ஒரு எட்டு முழ வேட்டியில் இரண்டடிச் சதுரமாகப் பன்னிரண்டு துணி தேறும். மழைக்காலத்தில் இரண்டு குழந்தைக்கு அறுபது துணியாவது இருந்தால்தான் காயும்வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்த வேட்டியும் புடவையும் எங்கே இருந்தன என்று கேட்டீர்களா? பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த துணி என்றால் அதைக் குழந்தைக்குக் கட்டவே வேண்டாம். போர்த்தவும் வேண்டாம். அந்துருண்டையில் இருப்பது நாப்தலின். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தையின் உடம்பில் அது சேர்ந்தால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாக ஏறும். மூளையைப் பாதிக்கும் அளவுக்கும் போகலாம். இந்தக் குறைபாடு ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம். பிறந்த குழந்தைக்கு அது இருக்கிறதா என்று வெளிப்பார்வைக்குத் தெரியாது. ஆகவே வாசனை லேசாக வந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். அன்றாடம் கட்டித் துவைத்துப் பழசான துணியே போதும்.

கிழித்த துணியில் இன்னொரு கவனம் வேண்டும். ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கும். ஒரு மாதக் குழந்தை ஒன்று ராத்திரி முழுவதும் அழுகிறது என்று என்னிடம் தூக்கி வந்தார்கள். வயிற்று வலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்திருந்தார்கள். காலுறையைக் கழற்றினால், நடு விரல் திராட்சை போல வீங்கிக் கறுத்திருந்தது. அடியில் ஒரே ஒரு வெள்ளை நூல், சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. நூலை வெட்டி எடுத்ததும் விரல் பிழைத்தது. ஆண்குறியிலும் இப்படிச் சுற்றிக்கொள்வதுண்டு. தையல் மிஷினில் ஓரம் அடித்துவிடுங்கள். காரணம் தெரியாமல் குழந்தை அழுதால் முதலில் விரல்களைப் பாருங்கள்.

ஓரம் அடிக்கும்போதே பையனுக்குச் சிவப்பு நூல், பெண்ணுக்குப் பச்சை நூல் என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் குழந்தை வீட்டில் "இன்றைக்கு நிறைய துணி நனைந்தது" என்று மொத்தமாகச் சொல்வார்கள். அதில் ஒருவன் பத்து முறை, இன்னொருத்தி மூன்று முறை என்று இருக்கலாம். சிறிய குழந்தைக்குப் பால் போதவில்லை என்பது இப்படித்தான் யாருக்கும் தெரியாமல் போகிறது. ஒவ்வொரு குழந்தையும் ஒரு நாளைக்குக் குறைந்தது 6 முறை சிறுநீர் கழிக்க வேண்டும், நாளுக்கு 20 முதல் 30 கிராம் எடை ஏற வேண்டும். ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, மாற்றும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள்.

நிறத்தையும் பாருங்கள். துணியின் பெரிய நன்மையே அதுதான். பச்சைக் குழந்தையின் சிறுநீர் வெள்ளைத் துணியில் கறை விடாது. மஞ்சள் கறை விழுந்து, மலமும் வெளுத்துச் சுண்ணாம்பு போல இருந்தால், கண்ணில் மஞ்சளும் இன்னும் போகவில்லை என்றால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். பித்தநாளம், அதாவது கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய், அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையைப் பிறந்த 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். கடுகு கடுகாக மஞ்சளாகப் போவதும், ஒவ்வொரு முறை பால் குடித்ததும் போவதும் தாய்ப்பால் குழந்தைக்கு இயல்பு.

துவைப்பதில், மலத் துணியை முதலில் தனியாக அலசிவிட்டு அப்புறம் மற்றதோடு சேருங்கள். வாசனை அதிகம் இல்லாத சோப்பு போதும். உப்புத் தண்ணீர் என்றால் சோப்பு லேசில் போகாது, துணி விறைத்துத் தோலை உரசும்; இன்னும் இரண்டு தடவை அலசுங்கள். கடைசித் தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 1967ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், மருத்துவமனைத் துணிகளைச் சலவை செய்யும்போது சேர்த்த மருந்து தோல் வழியாக இறங்கி, பிறந்த குழந்தைகள் இரண்டு இறந்துபோயின. வெயில் அடித்தால் வெயில். இல்லையென்றால் ஃபேனுக்கடியில் உலர்த்தி, இருபுறமும் இஸ்திரி போட்டு, சூடு ஆறியபின் கட்டுங்கள்.

யார் துவைக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வயிற்றில் தையலோடு நீங்கள் குந்தி உட்கார்ந்து துவைக்கக் கூடாது. உங்கள் அம்மா ஒருவரே முப்பது துணியைத் துவைப்பதும் நியாயமில்லை. குழந்தைகளின் அப்பா வரும் நாட்களில் துணி வாளி அவருடையது. இரண்டு பேருக்கும் பால் கொடுப்பதும் தூங்குவதும்தான் இப்போது உங்கள் வேலை.

பெண்ணின் சிவப்பு தொடை மடிப்புக்குள் இல்லாமல் மேடான இடத்தில் மட்டும் இருந்தால் அது ஈரத்தாலும் உரசலாலும் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, ஒற்றி எடுத்து, பத்து நிமிஷம் திறந்து விடுங்கள். அறை கதகதப்பாக இருக்கட்டும். பிறகு ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள். பவுடர் வேண்டாம், பறந்து மூச்சில் போகும். துணிக்கு மேல் பிளாஸ்டிக் ஜட்டியும் வேண்டாம். மடிப்புக்குள்ளேயே சிவந்து, சுற்றிலும் சிறுசிறு புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சீழ்க் கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ இரவானாலும் காத்திருக்க வேண்டாம்.

மூன்று நாளில் சிவப்பு குறையவில்லை என்றால் நேரில் காட்டிவிடுங்கள். எடை பார்க்கப் போகும்போது அந்தக் கோடு போட்ட தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.