அழித்த மெயில் போல்டர் திரும்பி வருமா?

கொக்குவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, கனடாவிலிருந்து மகள் எழுதிய மெயில்களைத் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் தனிப் போல்டரில் வைத்திருந்தேன். கை தவறி டிலீற் பண்ணிவிட்டேன்.

பதறாதீர்கள் ஐயா. தண்டர்பேர்ட் போல்டரை உடனே அழிக்காது, ட்ராஷுக்குள் கொண்டுபோய் வைக்கும். ட்ராஷுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன அம்புக்குறியை அழுத்தினால் உள்ளே தெரியும். பிடித்து இழுத்துப் பழைய இடத்தில் விடுங்கள். அதுவரை ட்ராஷைக் காலி செய்ய வேண்டாம்.

சாவகச்சேரி, கடை வைத்திருப்பவர்: நான் ட்ராஷையும் காலி செய்துவிட்டேனே, அண்ணை. மெயில் எல்லாம் கொம்பியூட்டரில்தான் இருந்தது.

அப்படியென்றால் இப்போதே அந்தக் கொம்பியூட்டரை நிறுத்துங்கள். பழைய ஹார்ட்டிஸ்க் என்றால் வேறொன்று மேலே எழுதப்படும் வரை பைல் அங்கேதான் கிடக்கும். டிஸ்கைக் கழற்றி வேறு கொம்பியூட்டரில் கொழுவி, ரெகுவா போன்ற மென்பொருளால் தேடுங்கள். மீட்டதை வேறு டிஸ்கில் சேமியுங்கள். ஒரு போல்டரின் மெயில்கள் எல்லாம் ஒரே பைலில் இருப்பதால், அந்த ஒன்று கிடைத்தாலே போதும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்) என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவி: கொம்பியூட்டரிலேயே உள்ள லோக்கல் போல்டர் இருக்கிறது, உள்ளே இருந்த மெயில்களைத்தான் ஷிப்ட் டிலீற் கொடுத்து அழித்துவிட்டேன்.

தங்கச்சி, ‘கொம்பாக்ட்’ மட்டும் கொடுக்காதீர்கள். தானாகக் கொம்பாக்ட் செய்யும் வசதியையும் நிறுத்துங்கள். மெயிலை அழிக்கும்போது தண்டர்பேர்ட் அதன் மேல் ஒரு அடையாளம் மட்டும்தான் போடுகிறது. எழுத்து பைலில் அப்படியே இருக்கும். கொம்பாக்ட் செய்தால்தான் உண்மையில் போகும். தண்டர்பேர்டை மூடி, அந்தப் போல்டரின் பைலை (அது இருக்கும் புரொபைல் போல்டரைத் திறக்கும் வழி கடைசிப் பதிலில் இருக்கிறது) பிரதி எடுத்து வையுங்கள். பிறகு நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எழுத்துத் திருத்தியில் திறந்து ‘எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்’ வரியில் 0009 இருந்தால் 0001 என்றும், 0008 இருந்தால் 0000 என்றும் மாற்றுங்கள். பக்கத்தில் அதே பெயரில் உள்ள எம்எஸ்எப் பைல் வெறும் அட்டவணைதான். அதை அழித்தால், அடுத்த முறை திறக்கும்போது புதிதாக உருவாகும்.

பருத்தித்துறை: ஜிமெயிலை ஐமேப் முறையில் தண்டர்பேர்டில் வைத்திருந்தேன். போல்டரை அழித்ததும் போனிலும் அதைக் காணவில்லை.

ஐமேப் என்றால் மெயில் சேர்வரிலேயே இருக்கும் முறை; இங்கே அழித்தால் சேர்வரிலும் அழியும். ஆனால் ஜிமெயிலில் போல்டர் என்பது ஒரு லேபல்தான். பிரவுசரில் போய் ‘ஆல் மெயில்’ பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். இல்லையென்றால் ட்ராஷ்; அங்கே 30 நாள்தான்.

கொக்குவில் ஆசிரியர்: வந்துவிட்டது தம்பி! இனி என்ன செய்ய?

நல்ல சந்தோஷம் ஐயா. ‘ஹெல்ப்’ மெனுவில் ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்பர்மேஷன்’ போனால், மெயில்கள் எல்லாம் இருக்கும் புரொபைல் போல்டரைத் திறக்கலாம். தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதை முழுதாக ஒரு பென்ட்ரைவில் இன்றைக்கே போட்டு வையுங்கள்.