சரிவில் கட்டிய வீட்டின் கீழ் அறைக்குள் மழைத்தண்ணீர் நிறைகிறது, என்ன செய்வது?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் வீடு, பின்சுவர் மண்மேட்டோடு ஒட்டியிருக்கிறது, கீழ் அறையில் முழங்கால் அளவு தண்ணீர் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்ணீருக்குள் கால் வைக்காமல் எட்டக்கூடிய இடத்தில் மெயின் சுவிட்ச் இருந்தால் மட்டும் அணையுங்கள். இல்லையென்றால் மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தத் தண்ணீரைப் பாருங்கள். தெளிவாக இருந்த ஊற்று திடீரென்று சேறாக வந்தாலோ, சுவரிலும் முற்றத்திலும் புதிதாக வெடிப்பு விழுந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ மண்சரிவு வரலாம். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளையே மண் மூடிவிட்டது. இப்படி ஏதாவது தெரிந்தால் சாமானைப் பார்க்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

அந்த அறிகுறி எதுவும் இல்லையா? சரி, மழை விட்டதும் இறைக்கலாம், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். வெளியே மண் ஊறிக் கனத்துச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் எதிர்ப்பக்கம் தாங்குகிறது. கொஞ்சம் இறைத்து, மட்டத்தைக் குறித்து வையுங்கள். மறுபடி ஏறினால் நிறுத்துங்கள். பம்பு எஞ்சினை அறைக்குள் ஓடவிடவே கூடாது, புகை ஆளைக் கொன்றுவிடும்.

உள்பக்கம் சீமெந்து பூசினால் போதும் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், தண்ணீர் வேறு இடத்தால் வரும். வீட்டுக்கு மேற்பக்கம் குறுக்காக ஒரு கான் (வடிகால்) வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். கீழ்வீட்டுக்காரர் தலையில் விடாதீர்கள். கூரைப் பீலித் தண்ணீரையும் அதிலேயே சேருங்கள். மண்மேட்டை வெட்டுவதாக இருந்தால் முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேளுங்கள்.