என்சைம், நியூக்ளியோடைடு, செல் மெம்பரேன் மூணையும் வச்சு ஒரு ஆராய்ச்சி கேரியர் அமையுமா?

நீங்க கேட்டிருக்கறது இதான்: எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி முடிச்சாச்சு, ஒரு கைடு பாஸ்போலிபிட், அதாவது செல் மெம்பரேன்ல இருக்கற கொழுப்பு, அத தயாரிக்கற என்சைம் மேல பிஎச்டி டாபிக் தர்றார், ஆனா அதுல என்சைமும் வருது நியூக்ளியோடைடும் (டிஎன்ஏ, ஆர்என்ஏவோட கட்டுமானத் துண்டு) வருது மெம்பரேனும் வருது, எதுலயுமே ஸ்பெஷலிஸ்ட் ஆகாம நடுவுல நின்னுடுவேனோன்னு பயமா இருக்கு. வீட்லயும் "இதுக்கு என்னம்மா ஸ்கோப்பு"ன்னு கேட்டுட்டு இருப்பாங்கன்னு நெனைக்கறேன், எங்க வீட்ல கேட்டாங்க, இப்பவும் கேக்கறாங்க.

பொதுவா நான் இங்க படிக்கறதோட சரி, எழுதறது இல்ல. ஆனா இது நான் பிஎச்டி பண்ண அதே ஏரியா, அதனால விட மனசு வரல.

மூணு டாபிக் இல்லங்க அது. ஒரே கேள்வி. செல்லச் சுத்தி இருக்கற அந்த மெம்பரேன யார் கட்டறாங்க, எப்படி கட்டறாங்க? அத கேட்டுக்கிட்டே போனா என்சைம் தானா வரும், நியூக்ளியோடைடும் தானா வரும். இப்படியே ஒரு வாழ்நாள் முழுக்க போன ஆளு ஒருத்தர் இருக்கார், யூஜின் கென்னடி. 1919ல சிகாகோல பொறந்தவர், அப்பா அம்மா அயர்லாந்துலேருந்து பொழைக்க வந்தவங்க. பிஎச்டி சேர்ந்தது ஆர்கானிக் கெமிஸ்ட்ரில. ரெண்டாம் உலகப்போர் சமயம், ஆர்மர்னு ஒரு பெரிய இறைச்சிக் கம்பெனில ரத்த பிளாஸ்மா பிரிக்கற வேலை பாத்துக்கிட்டே படிச்சார், அங்கதான் அவருக்கு பயோகெமிஸ்ட்ரி மேல ஆசை வந்துச்சு. அப்புறம் ஆல்பர்ட் லெனிஞ்சர் கிட்ட சேர்ந்தார், ஆமா, நாம படிக்கற பயோகெமிஸ்ட்ரி டெக்ஸ்ட்புக்க எழுதின அதே லெனிஞ்சர்தான். ரெண்டு பேருமா எலி ஈரல்லேருந்து மைட்டோகாண்ட்ரியாவ தனியா பிரிச்சு, கொழுப்பு அமிலம் எரியறது, சிட்ரிக் ஆசிட் சைக்கிள் ஓடறது, செல்லுக்கு எனர்ஜி தர்ற ஏடிபி உண்டாகறது எல்லாம் இதுக்குள்ளதான்னு 1948, 49ல காட்டினாங்க. இதோட நிறுத்தியிருந்தா கூட அவர் பேரு நின்னிருக்கும்.

அவர் நிறுத்தல. மெம்பரேன்ல அதிகமா இருக்கற லெசித்தின், அதாவது பாஸ்படிடைல்கோலின், அது எப்படி உண்டாகுதுன்னு தேடினார். கூட வேலை பாத்தவர் சாமுவேல் வைஸ். லெசித்தினுக்கு மூலப்பொருளான பாஸ்போகோலின் போட்டு ஏடிபி போட்டு ஈரல் எக்ஸ்ட்ராக்ட் போட்டா, ஒரு ஏடிபி பாட்டில்ல ரியாக்ஷன் நடக்குது, அதவிட சுத்தமான இன்னொரு ஏடிபில நடக்க மாட்டேங்குது. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? நெறைய பேரு நல்லா வேலை செய்யற பாட்டிலயே ஆர்டர் பண்ணி பேப்பர் எழுதிட்டு போயிருப்பாங்க. இவங்க அந்த அழுக்கு பாட்டில்ல அப்படி என்ன கலந்திருக்குன்னு பாத்தாங்க. சைட்டிடின் ட்ரைபாஸ்பேட். அதுவரைக்கும் ஆர்என்ஏவோட ஒரு துண்டுன்னு மட்டும் நெனச்சுட்டு இருந்த நியூக்ளியோடைடுதான் மெம்பரேன் கட்டறதுக்கே வேணும்னு தெரிஞ்சது. 1956ல அந்த பேப்பர் வந்துச்சு, இன்னிக்கும் அந்த பாதைக்கு கென்னடி பாத்வேன்னுதான் பேரு.

பாதை இப்படி போகும். கோலின் மேல ஏடிபிலேருந்து ஒரு பாஸ்பேட் ஏறும். அந்த பாஸ்போகோலினோட சைட்டிடின் ட்ரைபாஸ்பேட் சேர்ந்து சிடிபி-கோலின் ஆகும். அது டைஅசில்கிளிசரால்ங்கற கொழுப்பு கூட சேர்ந்து லெசித்தின் ஆகும். நடுவுல இருக்கற ஸ்டெப்ப பண்ற என்சைம்தான் என்னோடது, நாங்க லேப்ல சிசிடின்னு கூப்பிடுவோம். அதோட அழகு என்னன்னா, அது சும்மா இருக்கும்போது மெம்பரேன விட்டு தள்ளி தூங்கிட்டு இருக்கும், மெம்பரேன்ல லெசித்தின் குறைஞ்சு எடைவெளி விழுந்தா, என்சைமோட ஒரு பகுதி சுருண்டு ஹெலிக்ஸ் ஆகி அந்த எடைவெளில போய் சொருகிக்கும், அப்பதான் முழுசா வேலைய ஆரம்பிக்கும். மெம்பரேன் தனக்கு வேணுங்கறத தானே கேட்டு வாங்குது. இதுல எது என்சைம் சப்ஜெக்ட், எது மெம்பரேன் சப்ஜெக்ட்னு நீங்களே பிரிச்சு காட்டுங்க பாப்போம்.

இப்ப என் கதைக்கு வர்றேன். நான் தீசிஸ் முடிச்சு ரொம்ப நாள் கழிச்சு அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு, வலது கை விழுந்துடுச்சு, பேச்சு கொழறுச்சு. திருச்சில ஒரு ஆஸ்பத்திரில வச்சிருந்தோம். மூணாவது நாளோ என்னவோ மருந்துச் சீட்ட என் கைல குடுத்து ஃபார்மசிக்கு அனுப்பினாங்க, அதுல சிட்டிகோலின்னு எழுதியிருந்துச்சு. எனக்கு கை நடுங்கிடுச்சு. சிட்டிகோலின்னா சிடிபி-கோலின்தான். கோல்டு ரூம்ல உக்காந்து, கலவைய தனித்தனி புள்ளியா பிரிச்சு காட்டற டிஎல்சி பிளேட்ல புள்ளி புள்ளியா நான் தேடின அதே மாலிக்யூல், இப்ப அட்டைல மாத்திரையா. பக்கத்துல சித்தப்பா நின்னுட்டு இருந்தார், "என்னம்மா, தெரிஞ்ச மருந்தா"ன்னார். "இத செய்யற என்சைமத்தான் சித்தப்பா நான் படிச்சேன்"னேன். அவர் ஒண்ணும் பேசல, ஆனா அன்னிக்கு சாயங்காலம் வந்த சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் "நம்ம புள்ள இந்த மருந்துலதான் டாக்டர் பட்டம் வாங்குச்சு"ன்னு சொல்லிட்டு இருந்தார். எத்தனையோ வருஷமா "கொழுப்ப பத்தி என்ன படிப்பு"ன்னு கேட்ட மனுஷன். எனக்கு அது போதும்.

ஆனா ராத்திரி உக்காந்து படிச்சு பாத்தேன், அதான் எனக்கு பழக்கம். 2012ல லான்செட்ல ஒரு பெரிய ட்ரையல் வந்திருக்கு, 2298 ஸ்ட்ரோக் பேஷண்ட்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், ஜெர்மனி. சிட்டிகோலின் குடுத்தவங்களுக்கும் டம்மி மருந்து குடுத்தவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. பயோகெமிஸ்ட்ரிய கேட்டா இதுல பெரிய ஆச்சரியம் இல்ல, மாத்திரையா முழுங்கினா குடல்லயே அது கோலினாவும் சைட்டிடினாவும் ஒடஞ்சிடும், அந்த சைட்டிடினும் மனுஷ ஒடம்புல யூரிடினா மாறிடும். முழு மாலிக்யூலா அது மூளை செல்லுக்கு போய்ச் சேர்றதில்ல. காலைல ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கிட்ட மரியாதையாதான் கேட்டேன். "நீங்க எந்த டாக்டர்"னு கேட்டார். பயோகெமிஸ்ட்ரின்னேன். "ஓகே"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்கு போயிட்டார். அப்பாவ நல்லாதான் பாத்துக்கிட்டாங்க, பிசியோ ஒழுங்கா குடுத்தாங்க, அப்பா இப்ப நடக்கறார், அதுல எனக்கு கொறை இல்ல. ஆனா அந்த ஒரு "ஓகே" இன்னும் உறுத்துது.

டாக்டர்ஸ திட்டறேன்னு கமெண்ட்ல வராதீங்க. அவங்க பாக்கற நெருக்கடி வேற. ஒரு மாலிக்யூல் ஒடம்புக்குள்ள என்ன ஆகும்னு வருஷக்கணக்கா பாத்தவங்கள ரெண்டு நிமிஷம் கேட்டா என்னங்கறதுதான் என் ஆதங்கம்.

இதே மாதிரிதான் ஒரு காலேஜ் இன்டர்வியூல போர்டுல இருந்தவர் "இதுல கேன்சர் எங்க வருது"ன்னார். வருது சார், வேகமா பெருகற செல்லுக்கு மெம்பரேன் நெறைய வேணும், அதனால கோலின இழுக்கும், அத வச்சுதான் புராஸ்டேட் கேன்சர் திரும்பி வருதான்னு பாக்கற கோலின் பெட் ஸ்கேனே இருக்கு, அமெரிக்கால 2012ல அப்ரூவல் ஆச்சுன்னு சொன்னேன். அவர் அடுத்து டயாபடிஸ் கேட்டார். எல்லாத்தயும் ஒரு வியாதி பேரோட முடிச்சு போட்டாதான் காசுன்னு ஆகிப்போச்சு. கென்னடி எந்த வியாதி பேரையும் வச்சு ஆரம்பிக்கல. ஃபெல்லோஷிப் கதையும் அப்படித்தான், ஜேஆர்எஃப், அதாவது ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப், 2023ல மாசம் 37,000 ஆச்சுன்னு பேப்பர்ல இருக்கு, கைக்கு வர்றதுக்கு மாசக்கணக்குல ஆகுது, ஹாஸ்டல் மெஸ் பில்லு அதுக்காக காத்துக்கிட்டா இருக்கும்? கல்யாணம் ஆன ஸ்காலர்ஸ் நகைய அடகு வச்சத நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். இத எந்த மீட்டிங்லயும் யாரும் பேசறதில்ல.

சரி, உங்க பயத்துக்கு வருவோம். கென்னடி அப்புறம் ஹார்வர்ட் மெடிக்கல் ஸ்கூல் போனார். 1965ல ஃப்ரெட் ஃபாக்ஸ்ங்கறவரோட ஈ.கோலைங்கற பாக்டீரியாவோட மெம்பரேன்ல லாக்டோஸ உள்ள கொண்டு வர்ற புரோட்டீன அடையாளம் பண்ணாங்க, அதோட ஸ்ட்ரக்சர் 2003லதான் வந்துச்சு. 1977ல ஜேம்ஸ் ராத்மேனோட, பாக்டீரியால புதுசா செஞ்ச பாஸ்போலிபிட் சில நிமிஷத்துலயே மெம்பரேனோட உள்பக்கத்துலேருந்து வெளிப்பக்கம் தாண்டிடுதுன்னு காட்டினார். வெறும் லிபிட் மட்டும்னா அதுக்கு மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும், அப்ப யாரோ தள்ளி விடறாங்கன்னு அர்த்தம். அந்த ராத்மேனுக்கு பின்னாடி பண்ண வேற வேலைக்காக 2013ல நோபல் கெடச்சுது. கென்னடிக்கு நோபல் வரல, 2011ல 92 வயசுல காலமானார். எனக்கு அது வருத்தம்தான்.

இதுல நீங்க சொல்ற "நடுவுல நின்ன" மனுஷன் எங்க இருக்கார்? ஈரல்லேருந்து பாக்டீரியாக்கு போனார், லிபிட்லேருந்து புரோட்டீனுக்கு போனார், கேள்விய மட்டும் மாத்தல.

சேர்றதுக்கு முன்னாடி லேப்ப நேர்ல போய் பாருங்க. அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் (ரொம்ப வேகமா சுத்தி செல் துண்டுகள பிரிக்கற மெஷின்) அவங்களோடதா, இல்ல வேற டிபார்ட்மெண்ட்ல போய் வரிசைல நிக்கணுமான்னு கேளுங்க, மைக்ரோசோம், அதாவது செல்ல ஒடச்சா கெடைக்கற குட்டி மெம்பரேன் துண்டுகள, பிரிக்க அது இல்லாம கஷ்டம். ரேடியோஆக்டிவ் கோலின் வச்சு பண்ண அனுமதி இருக்கா, இல்ல எடைய வச்சு மாலிக்யூல அடையாளம் காட்டற மாஸ் ஸ்பெக்லயே பாக்கறாங்களான்னு கேளுங்க. கைட விட சீனியர் ஸ்காலர்ஸ் கிட்ட தனியா பேசுங்க, ஒரு ரிசல்ட் எதிர்பாத்த மாதிரி வரலன்னா கைடு என்ன சொல்வார்னு கேளுங்க. "திரும்ப பண்ணு, நம்பர் வரணும்"னு சொல்றவர்னா டாபிக் எவ்ளோ நல்லா இருந்தாலும் வேணாம். "பாட்டில்ல என்ன இருக்குன்னு பாரு"ன்னு சொல்றவர்னா கண்ண மூடிட்டு சேருங்க.

அப்புறம் ஒண்ணு, சிட்டிகோலின் பத்தி எழுதினத படிச்சுட்டு யாரும் வீட்ல ஓடிட்டு இருக்கற மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. நான் மருத்துவர் இல்ல. உங்க டாக்டர் கிட்ட கேளுங்க, பதில் வர்ற வரைக்கும் கேளுங்க.