விடியற்காலையில் 94.7-இல் குறுக்கிடும் இன்னொரு நிலையம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் கோடை விடியற்காலைகளில் மட்டும் செயின்ட் லூயிஸின் கே.எஸ்.எச்.இ வானொலி நிலையம் மறைந்து வேறு பாடல்கள் ஒலிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ரேடியோவில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதே 94.7 மெகாஹெர்ட்ஸில் சிகாகோவிலிருந்து ஒலிபரப்பாகும் டபிள்யூ.எல்.எஸ் எஃப்.எம் நிலையம்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

தெளிந்த, காற்றற்ற இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்து, அதன் மேல் வெப்பமான காற்றடுக்கு படிந்துவிடுவதால், வழக்கமாக மேலே சென்று மறையும் அலைகள் வளைந்து தரையை ஒட்டியே நெடுந்தொலைவு பயணம் செய்கின்றன. இரண்டு அலைகளில் வலுவானதையே எஃப்.எம் கருவி பிடித்துக்கொள்ளும் என்பதால், கலவையாகக் கேட்காமல் ஒன்று மற்றொன்றை முழுதாக விழுங்கிவிடுகிறது. வெயில் ஏறி நிலம் சூடானதும் அந்தக் காற்றடுக்கு கலைந்துவிடுவதால் நிலைமை சீராகிறது.

உறுதிசெய்துகொள்ள, குறுக்கீட்டின்போது மணி அடிக்கும் நேரத்தில் கவனித்துக் கேளுங்கள். அமெரிக்க நிலையங்கள் மணிக்கொரு முறை தம் அழைப்பெழுத்துகளையும் (நிலையத்தின் பெயரான எழுத்துகள்) உரிம ஊரையும் (எந்த ஊருக்காக உரிமம் பெற்றதோ அந்த ஊர்) அறிவித்தாக வேண்டும். செயின்ட் லூயிஸ் நிலையத்தின் உரிம ஊர் அந்நகரின் புறநகரான கிரெஸ்ட்வுட்; சிகாகோ என்று கேட்டால் ஐயமில்லை.

தீர்வு, கூரையில் ஒரு திசைநோக்கு யாகி ஆன்டெனா, அதாவது முன்பக்கத்திலிருந்து வரும் அலைகளையே வலுவாகப் பிடிக்கும் ஆன்டெனா. சிகாகோ உங்களுக்கு வடகிழக்கிலும் செயின்ட் லூயிஸ் தென்மேற்கிலும் இருப்பது நல்வாய்ப்பு: முன்பக்கத்தைத் தென்மேற்கே திருப்பினால், முதுகுப்பக்கம் சிகாகோவை வெகுவாக அடக்கும். கருவியுடன் வரும் கம்பி ஆன்டெனாவை நகர்த்திப் பார்ப்பதில் பெரிய பயன் இராது.

எனினும், காற்றடுக்கு மிக வலுவாக அமையும் நாள்களில் யாகியும் தோற்கலாம். அந்த ஓரிரு மணி நேரத்துக்கு நிலையத்தின் இணைய ஒலிபரப்பைக் கேட்பதே வழி.